கத்தச் சொல்லிக் கொடுத்த மூன்று நாட்கள்

என் மகளுக்கு வலிக்கவே இல்லை என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான்தான். அதனால் நடந்ததை உள்ளபடி எழுத வேண்டியதும் நான்தான். பிள்ளை தேறிவிட்டாள். கூடத்தில் குதித்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் தள்ளிப்போட்டால் நோன்பு வந்துவிடும், அப்புறம் எனக்குப் பேனா பிடிக்க நேரம் ஏது?

எங்கள் வீடு கடலூர் முதுநகரில். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு தெருவிலுள்ள பெண்பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறேன். கண்டிப்பானவள் என்று எனக்குப் பெயர், பெயரில் பொய்யில்லை. ஓதுவதோடு நல்ல குணங்களையும் சொல்லிக் கொடுப்பேன். அவற்றில் எனக்குப் பிரியமானது சபுர், அதாவது பொறுமை. முட்டி சிராய்த்துக்கொண்டு அழுதபடி வருகிற பிள்ளையைப் பார்த்து "சபுர்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், அழுகை பாதியில் நின்றுவிடும்.

என் மகள் ருகையாவுக்கு ஆறு வயது. காது குத்தியபோதே கண்ணீர் விடாதவள். ஓதிக் கொடுக்கிற ஆலிமா வீட்டுப் பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் பேசுவார்கள். எனக்கு உள்ளூரக் குளிர்ந்துபோகும். வெளியில் காட்டிக்கொள்ள மாட்டேன்.

அவளுக்குப் பத்து நாளாகக் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தது. கஷாயம் கொடுத்தேன், பிறகு தெருமுனை கிளினிக்கில் கொடுத்த சிரப்பைக் கொடுத்தேன். சோறு இறங்கவில்லை. வயிறு வலிக்கிறது என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நடக்கும்போது வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து நடக்கிறாள் என்று கண்டுபிடித்தவன் என் தம்பி ஜாபர். அவன் ஆம்னி வேன் ஓட்டுகிறவன், வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அவனுக்குத்தான் முதலில் தெரியும். நான் பெற்றவள், எனக்குத் தெரியவில்லை.

கடலூரில் குழந்தை மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்டதற்கு ருகையா இல்லை என்று தலையாட்டினாள். ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் தலையாட்டலை நம்பாமல் மூச்சை நம்பினார், நல்ல மனிதர். அல்ட்ராசவுண்டில் ஈரலுக்குள் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. சீழ்க்கட்டியாக இருக்கலாம், வேறு கட்டியாகவும் இருக்கலாம் என்றார். அந்த 'வேறு' என்பதற்கு அவர் பெயர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும் என்று ஒரு பயம்.

எது என்று தெரிய, மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். சும்மா எடுத்தால் ஈரலும் கட்டியும் சாம்பல் நிறத்தில் ஒன்றோடொன்று கலந்து தெரியும். அயோடின் சேர்ந்த ஒரு மருந்தை நரம்பில் ஏற்றினால், ரத்தம் ஓடுகிற இடமெல்லாம் படத்தில் வெளுக்கும். சீழுக்குள் ரத்தம் ஓடாது, அதனால் ஓரம் மட்டும் வெளுத்து நடு கறுப்பாகவே நிற்கும். மற்றக் கட்டி என்றால் அதற்குள்ளும் ரத்தம் ஓடும். கான்ட்ராஸ்ட் என்று அந்த மருந்தைச் சொல்கிறார்கள். அதை எவ்வளவு ஏற்றுவது என்பது பிள்ளையின் எடையைப் பொறுத்தது. சிறுநீரகம் அதை வெளியேற்றுமா என்று முன்னாலேயே ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுகிறார்கள்.

என் வீட்டுக்காரர் சவூதியில், தம்மாமில் வேலை செய்கிறார். காய்ச்சலுக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அவ்வளவு தூரத்தில் இருக்கிறவர் பாதி ராத்திரியில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வார்?

ஸ்கேன் சென்டரில் நாலு மணி நேரம் வெறும் வயிறு. ருகையா தண்ணீர்கூடக் கேட்கவில்லை. டெக்னீஷியன் தம்பி ரொம்பப் பணிவு. அவள் புறங்கையில் மெல்லிய ஊசிக்குழாய் போட்டு, அதை ஒரு இயந்திரத்தின் சிரிஞ்சோடு மாட்டினார். அந்த இயந்திரம் மருந்தை ஒரே சீரான வேகத்தில் தள்ளும், படம் எடுக்கும் நேரமும் அதற்குப் பொருந்தி வரும் என்று விளக்கினார். பிறகு குனிந்து, நரம்பை விட்டு மருந்து வெளியே போனால் வலிக்கும், உடனே சொல்லிவிட வேண்டும் என்று ருகையாவிடம் சொன்னார். அவர் முடிப்பதற்குள் நான் குறுக்கே பேசினேன்.

"அவ அழமாட்டா தம்பி. நீங்க பயப்படாம பண்ணுங்க."

போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டேன், கை உட்பட. ஏசி குளிர். அவள் காதில் "சபுர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். டெக்னீஷியன் தம்பி மைக்கில், பாப்பா வலிக்கிறதா என்று கேட்டார். "இல்ல" என்று தெளிவாகக் குரல் வந்தது. நான் அப்போது என்ன செய்தேன் தெரியுமா? போனை எடுத்து என் வீட்டுக்காரருக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். மாஷா அல்லா, ஒரு சத்தம் இல்லை, நம்ம புள்ள சிங்கக்குட்டி என்று. அது போய்ச் சேர்ந்ததற்கான டிக் விழுவதற்குள் தம்பி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

போர்வையை விலக்கியபோது அவள் கை அவள் கையாகவே இல்லை. புறங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் வீங்கி, தோல் பளபளவென்று இறுகிக் கிடந்தது. கீழுதட்டில் பல் பதிந்த தடம். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. ஏற்றிய மருந்தெல்லாம் நரம்பைக் கிழித்துக்கொண்டு தோலுக்கடியில் நின்றுவிட்டது. படத்தில் ஈரல் சாம்பலாகவே இருந்தது. தம்பியின் முகம் செத்துப்போய்விட்டது. அவர் மேல் தப்பில்லை, அவர் கேட்டார், அவள் இல்லை என்றாள். பதிலை எழுதிக் கொடுத்தது நான்.

இப்படிக் கசிந்த மருந்து கொஞ்சமாக இருந்தால் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும், ஜாஸ்தியானால் கொப்புளம் வரலாம், தோலே கெட்டுப்போகலாம் என்றார்கள். கையை உயர்த்தி வைத்து, குளிர் ஒத்தடம் கொடுத்து, விரலெல்லாம் அசைகிறதா என்று மணிக்கொரு தரம் பார்த்தார்கள். அல்லாஹ் காப்பாற்றினான், கொப்புளம் வரவில்லை. காய்ச்சல்தான் ஏறிக்கொண்டே போனது. குழந்தை மருத்துவர், இனி இங்கே வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சிதம்பரத்திலுள்ள பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஜாபர் ஆம்னியில் பின்சீட்டை மடக்கி மெத்தை போட்டான். தலையணைமேல் அவள் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். குடிகாடு வந்ததும், ரசாயன ஆலைகளின் நாற்றத்துக்கு வழக்கம்போலக் கண்ணாடியை ஏற்றினோம். அந்த மூடின வண்டிக்குள் அவன் திரும்பிப் பார்க்காமல் சொன்னான்:

"லாத்தா, தப்பா நெனைக்காத. நீ புள்ளைக்கு ஓதிக்குடுத்தது கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மார்க்கத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கே குத்பா பிரசங்கம் முடிகிற நேரத்துக்குப் போகிறவன் நீ என்று வாய்வரை வந்தது. வெள்ளாற்றுப் பாலம் தாண்டுகிறவரை அவனோடு பேசவில்லை. உண்மை சுட்டால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வரும்.

சிதம்பரத்தில் குழந்தைகள் வார்டில் சேர்த்தார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா, நாற்பது வயதிருக்கும், நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர். நான் ஊசியால் குத்தி அந்தக் கட்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடக் கூடாதா என்று கேட்டேன். வேறு கட்டியாக இருந்து கண்ணை மூடிக்கொண்டு குத்தினால் அது பரவிவிடலாம், படம் பார்க்காமல் குத்த மாட்டேன் என்றார். ஆனால் வளருகிற பிள்ளைக்குச் சும்மா சும்மா ஸ்கேன் கதிர் படக்கூடாது, அதனால் அடுத்த ஸ்கேன் ஒன்றே ஒன்றுதான், அது சரியாக வந்தாக வேண்டும் என்றார். கை வீக்கம் வடிவதற்கு இரண்டு நாள் பொறுத்தார்கள், அதுவரை கிருமிக்கு மருந்து ஏறியது. அந்த இரண்டு நாளும் நான் தொழுத தொழுகையில் எத்தனை ரக்அத் என்று எனக்கே தெரியாது. பாதியில் எண்ணிக்கை தப்பிவிடும், கட்டியின் நினைப்பு வந்துவிடும்.

சேர்த்த மறுநாள் மத்தியானம் ஸ்கேன் அறையிலிருந்து செல்வி என்று ஒரு நர்ஸ் வந்தார், நரம்பு பார்த்துவைக்க. கிள்ளைப் பக்கம் மீனவக் குடும்பத்துப் பெண். ருகையாவின் கையையும் காலையும் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தார். நல்ல நரம்பு கிடைத்தால் குழந்தைக்கும் இயந்திரத்தில்தான் போடுவோம், படம் சுத்தமாக வரும், ஆனால் இவளுக்கு நரம்பு நூல் மாதிரி இருக்கிறது, அதனால் கையாலேயே தள்ளப் போகிறோம் என்றார். கையால் தள்ளினால் வேகம் முன்னே பின்னே இருக்கும், படம் எடுக்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்துப் பிடிக்க வேண்டும். ஆனால் மருந்து நரம்பை விட்டு விலகினால் தள்ளுகிறவரின் கட்டைவிரலுக்கு அந்தக் கனம் தெரிந்துவிடும். அதைவிடச் சீக்கிரம் தெரிவது பிள்ளைக்குத்தான்.

பிறகு ருகையாவைப் பார்த்து, வலித்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். அவள் பாடம் ஒப்பிப்பதுபோல, "சபுர் செய்வேன்" என்றாள்.

செல்வி புரியாமல் என்னைப் பார்த்தார். நான் அர்த்தம் சொன்னேன். வீங்கின கதையையும் சேர்த்துச் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"எங்க வூட்லயும் அழுதா அப்பாவுக்குப் புடிக்காது," என்றார். "ஆனா நாளைக்கு இவ கத்துனாதான் எங்க கை நிக்கும். நான் சொல்லி அவ கேக்க மாட்டா. நீங்க போட்ட பூட்டு, நீங்கதான் தொறக்கணும்."

கேட்க எளிதாக இருந்தது. செல்வி போனதும் ருகையாவை மடியில் வைத்துக்கொண்டு, நாளைக்கு ஊசி போடும்போது வலித்தால் உரக்கக் கத்த வேண்டும் என்றேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். அல்லாவுக்குக் கோபம் வராதா என்று கேட்டாள். வராது, வலியைக் கொடுத்ததும் அவன்தான், கத்த வாயைக் கொடுத்ததும் அவன்தான் என்றேன். எங்கிருந்து அப்படி ஒரு பதில் வந்ததோ, எந்த மதரசாவிலும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சரி, கத்திக் காட்டு பார்க்கலாம் என்று அவள் நல்ல கையைக் கொஞ்சம் அழுத்தினேன். "வலிக்குது" என்றாள், பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்காது. இன்னும் உரக்க என்றேன். அதே முனகல். கம்மாபுரத்திலிருந்து வந்து பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா சிரித்துவிட்டார். என் பிள்ளையை ஒரு நாள் கடன் தரட்டுமா, சாயந்தரத்துக்குள் பழக்கிவிடுவான் என்றார். ஜாபர், தெருவே பயப்படுகிற லாத்தா கத்தச் சொல்லிக் கெஞ்சுகிறாள், இதை வீடியோ எடுக்க வேண்டும் என்றான்.

கடைசியில் ருகையா சொன்னாள், "நீ மொதல்ல கத்தும்மா."

நான் குரல் உயர்த்தாதவள். அதட்டுவதைக்கூடத் தாழ்ந்த குரலில்தான் அதட்டுவேன், அதில்தான் பிள்ளைகள் நடுங்கும். புர்கா போட்டுக்கொண்டு பத்துக் கட்டில் வார்டில் நின்று கத்துவதா? ஆனால் அவள் காத்திருந்தாள். விளையாட்டுக்கு என்றுதான் வாயைத் திறந்தேன், "வலிக்குது" என்று. முதல் தடவை ஜாபர் சிரித்தான். இரண்டாம் தடவை என் குரல் உடைந்தது. மூன்றாம் தடவை எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. அந்த 'வேறு' கட்டி, தம்மாமில் ஒன்றும் தெரியாமல் இருக்கிற மனிதர், போர்வைக்கடியில் கிடந்த அந்தக் கை, எல்லாம் சேர்ந்து வந்தது. என் பிள்ளை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று கத்திக்கொண்டே அழுதேன். கம்மாபுரத்து அம்மா எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஜாபர் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ருகையா கொஞ்சநேரம் என்னையே பார்த்தாள். நான் அழுது அவள் பார்த்ததே இல்லை. அப்புறம் வாயைத் திறந்து கத்தினாள் பாருங்கள், நர்ஸ் ஓடிவந்தார்.

அடுத்த நாள் காலை ஸ்கேன் அறைக்குள் என்னையும் விட்டார்கள். கர்ப்பமாக இல்லையே என்று கேட்டுக்கொண்டு, கதிர் தடுக்கிற ஈய அங்கியை மாட்டிவிட்டார்கள். தண்ணீர்க் குடத்தைத் தோளில் ஏற்றினதுபோல ஒரு கனம். இடது கையில் ஊசிக்குழாய் போட்டிருந்தது. போர்வை இல்லை, கை வெளியே, எல்லார் கண்ணிலும் படும்படி. ஸ்கேன் பிரிவு டாக்டர், இளைஞர், சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். செல்வி தன் விரலை ருகையாவின் நரம்பின்மேல் வைத்துக்கொண்டார். முதலில் மருந்து இல்லை, வெறும் உப்புநீர். நரம்பு தாங்குகிறதா என்று பார்ப்பதற்கு.

டாக்டர் கட்டைவிரலை அழுத்தினார். ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் ருகையா, "வலிக்குது" என்று அலறினாள். நான் கேட்டதிலேயே பெரிய சத்தம். டாக்டரின் விரல் அங்கேயே நின்றது. ஊசி முனைக்குப் பக்கத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு புடைப்பு. அது உப்புநீர்தான், ஒன்றும் செய்யாது, இரண்டு மணி நேரத்தில் வற்றிவிடும். மருந்தாக இருந்திருந்தால், அவள் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால், அந்த ஒரே ஸ்கேனும் போயிருக்கும். செல்வி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

இடது காலில் வேறு நரம்பு பிடித்தார்கள். அதைப் போடும்போதும் கத்தினாள், கத்தட்டும் என்று விட்டோம். உப்புநீர் தடையில்லாமல் போனது. பிறகு மருந்து. அதை முன்பே உடம்புச் சூட்டுக்கு இளஞ்சூடாக்கி வைத்திருந்தார்கள், அப்போதுதான் இளகி மெல்லிய குழாயில் எளிதாகப் போகுமாம். உடம்பெல்லாம் திடீரென்று சூடாகும், ஒன்றுக்கு வருவதுபோல இருக்கும், பயப்படாதே என்று செல்வி சொல்லி வாய் மூடவில்லை.

"சூடா இருக்குது. ஒண்ணுக்கு வருது."

"வலிக்குதா?" என்று டாக்டர் கேட்டார்.

"வலிக்கல."

மூன்று நாள் முன்பு கண்ணாடி வழியாகக் கேட்ட அதே பதில்தான். இந்தத் தடவை அதை நம்பலாம் என்று எனக்குத் தெரிந்தது. கட்டில் ஸ்கேன் இயந்திரத்தின் வளையத்துக்குள் போய்த் திரும்பி வந்தது. மூச்சைப் பிடி என்று இயந்திரம் சொன்னபோது நானும் பிடித்துக்கொண்டேன்.

அஸர் நேரத்துக்கு டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். திரையில் ஈரல் வெளுத்துத் தெரிந்தது. அதன் நடுவில் ஒரு கறுப்புக் குழி, சுற்றிலும் வெள்ளை விளிம்பு. இது சீழ் என்றார். வேறு கட்டி இல்லையா என்று முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டேன். இல்லை, நாளைக்கு மயக்கம் கொடுத்து ஒரு குழாய் போட்டு வடித்துவிடலாம் என்றார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னதுகூட அழுகையில்தான் வந்தது.

அன்றைக்கே தம்மாமுக்குப் போன் போட்டு என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மறைத்ததையும் சேர்த்து.  கேட்டு முடித்துவிட்டு, அந்த வாய்ஸ் மெசேஜை அழித்துவிடவா என்று மட்டும் கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

குழாய் வழியாகச் சீழ் வடிந்து இடுப்போரம் தொங்கின பையில் சேர்ந்தது. இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது. ருகையா எல்லாவற்றுக்கும் கத்தினாள். டிரெஸ்ஸிங் மாற்றினால் கத்தினாள், உப்புமா ஆறிப்போனால் கத்தினாள், கொசு கடித்தால் கத்தினாள். வாயை மூடு என்று நாக்கு நுனிவரை வரும், விழுங்கிக்கொள்வேன். கம்மாபுரத்து அம்மா, சொல்லிக் கொடுத்தது நீதானே, அனுபவி என்பார்.

குழாயை எடுப்பதற்கு முந்தின நாள் மத்தியானம், சாத்துக்குடி உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வலது கையின் வீக்கம் முழுக்க வடிந்து, பழுப்பாக ஒரு தழும்பு மட்டும் இருந்தது. அதைத் தடவிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாள்.

"அம்மா, அன்னைக்கு இந்தக் கை ரொம்ப வலிச்சுது."

தெரியும், மாப்பு கொடும்மா என்றேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை, வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் கத்தியிருந்தா, நீ அடிச்சிருப்பியா?"

சேச்சே என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை.

"அடிச்சிருக்க மாட்டேன்," என்றேன். "மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்திருப்பேன். ரெண்டு நாளு உங்கூட சரியாப் பேசியிருக்க மாட்டேன்."

"தெரியும்," என்றாள் ருகையா. "அதான் கத்தல."